கசிவும் வலியும் சேர்ந்து வந்தால், முதலில் இறுக்கத்தை விடுங்கள்

கேள்வி: எனக்கு 36 வயது. விருதுநகர் பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியை. இரண்டு குழந்தைகள். மூத்தவன் பிறந்தபோது ஆயுதம் போட்டுத்தான் எடுத்தார்கள், நிறையத் தையல். இளையவள் சுகப்பிரசவம், அவளுக்கு இப்போது 5 வயது. அவள் பிறந்ததிலிருந்து தும்மினாலும் இருமினாலும் சிறுநீர் கசிகிறது. சத்தமாகப் பாடம் நடத்தினால்கூடச் சில நாள் கசிந்துவிடுகிறது. ஒரு வருடமாக இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. சாயந்திரம் வீட்டுப் பூட்டில் சாவியைப் போடும்போதே அடக்க முடியாமல் வந்துவிடுகிறது. அடிவயிறு, வால் எலும்பு, தையல் போட்ட இடம் மூன்றும் வலிக்கின்றன. கணவரோடு சேரும்போது தாங்க முடியவில்லை. ஐந்து மாதமாக ஏதாவது காரணம் சொல்லித் தள்ளிப்போடுகிறேன். ஸ்கேன், சிறுநீர்ப் பரிசோதனை எல்லாம் நார்மல். ‘டென்ஷன்தான்’ என்று அனுப்பிவிட்டார்கள். யூடியூபில் பார்த்து நான்கு மாதமாகக் கீகல் பயிற்சி (சிறுநீரை அடக்குவது போல அடியில் இறுக்கி விடுவது) செய்கிறேன், ஒரு நாளைக்கு 300 தடவை. கசிவு குறையவில்லை, வலிதான் கூடியிருக்கிறது. 500 ஆக்கலாமா? ஆபரேஷன் வேண்டியிருக்குமா? ‘பிள்ளை பெத்தவளுக்கு இதெல்லாம் சகஜம்’ என்கிறார் மாமியார். ஜனவரியில் பிள்ளைகளைக் கொடைக்கானல் சுற்றுலா அழைத்துப்போக வேண்டும். பஸ்ஸை நினைத்தாலே பயமாக இருக்கிறது. பெயர் வேண்டாம்.

பதில்:

அன்புள்ள சகோதரி,

500 வேண்டாம். அந்த 300ஐயும் இன்றோடு நிறுத்திவிடுங்கள். நான்கு மாதம் விடாமல் செய்திருக்கிறீர்கள், அந்த உழைப்பு வீணாகிவிட்டதே என்று தோன்றும். ஆனால் வலி இருக்கும் இடத்தில் இறுக்கும் பயிற்சியைக் கூட்டிக்கொண்டே போனால் என்ன ஆகுமோ, அதுதான் உங்களுக்கு ஆகியிருக்கிறது. உங்கள் மேல் தப்பு இல்லை. கசிவு என்றாலே தசை தளர்ந்துவிட்டது, இறுக்கினால் சரியாகிவிடும் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். பாதிப் பேருக்கு மேல் அது உதவவும் செய்கிறது. உங்களைப் போல வலியும் சேர்ந்து இருப்பவர்களுக்கு வழி வேறு.

நேரில் பார்க்காமல் இதுதான் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் ஆயுதப் பிரசவம், தையல், தாம்பத்தியத்தில் வலி, வால் எலும்பில் வலி, நார்மல் என்று வந்த ஸ்கேன், கீகல் செய்தபின் கூடிய வலி இவ்வளவும் ஒரே கடிதத்தில் வந்தால், என்னைப் போன்ற பெண்கள் நலப் பிஸியோதெரபிஸ்ட் யாராக இருந்தாலும் முதலில் சந்தேகப்படுவது ஒன்றைத்தான். உங்கள் இடுப்பின் அடித்தளத் தசைகள் இறுகிப்போய், விடத் தெரியாமல் நிற்கின்றன.

இந்தத் தசைகள் எங்கே இருக்கின்றன என்று சொல்கிறேன். வீட்டில் குழந்தைக்குத் தூளி கட்டுவோம் இல்லையா, அப்படி ஒரு தூளியை நினைத்துக்கொள்ளுங்கள். முன்பக்கம், அடிவயிறு முடியும் இடத்தில் கைக்குத் தட்டுப்படும் எலும்பில் ஒரு முனை. பின்பக்கம் வால் எலும்பில் இன்னொரு முனை. சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றும் இந்தத் தூளியின் மேல்தான் இருக்கின்றன. சிறுநீர்ப் பாதை, பிறப்புறுப்பு, ஆசனவாய் மூன்றும் இதை ஊடுருவித்தான் வெளியே வருகின்றன. இருமும்போது இது மேலே எழுந்து பிடிக்க வேண்டும். சிறுநீர் கழிக்கும்போதும், மலம் கழிக்கும்போதும், கணவரோடு சேரும்போதும் நெகிழ்ந்து இடம் கொடுக்க வேண்டும். மூச்சை இழுத்தால் லேசாகத் தாழும், விட்டால் மேலே வரும். பகல் முழுக்க இப்படி ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும் தசை இது.

இப்போது ஒரு சின்னச் சோதனை. வலது கையை இறுக்கி முஷ்டி பிடியுங்கள். பிடித்தபடியே இருங்கள், விடக் கூடாது. அப்படியே மேஜையில் இருக்கும் தண்ணீர் டம்ளரை எடுங்கள் என்றால் எடுக்க முடியுமா? கையில் பலம் இல்லாமல் இல்லை. விரலை விரித்தால்தானே டம்ளரைப் பிடிக்க முடியும். ஏற்கெனவே முழுக்க மூடிய கைக்கு இனி மூடுவதற்கு இடம் ஏது? உங்கள் அடித்தளத் தசையும் இப்படித்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். தும்மல் வரும் நொடியில் அது எழும்பிப் பிடிக்க வேண்டும், ஆனால் ஏற்கெனவே மேலே எழும்பியே நிற்கிறது. அதனால் கசிகிறது. நாள் முழுக்கப் பிடித்தே இருந்தால் எந்தத் தசைதான் வலிக்காது?

ஏன் இறுகியது? தையல் போட்ட இடம் வலித்திருக்கும், அந்த வலிக்குப் பயந்து உடம்பு தானாகவே அந்த இடத்தைச் சுருக்கிக்கொள்ளும். அப்புறம் ஐந்து வருடமாகக் கசிந்துவிடுமோ என்ற பயத்தில் வகுப்பில் நிற்கும்போதும் படி இறங்கும்போதும் சிரிக்கும்போதும் நீங்கள் தெரியாமலே இறுக்கிப் பிடித்திருப்பீர்கள். இதன் மேல் நாளுக்கு 300 கீகல்.

கீகல் பயிற்சியைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்தப் பெயருக்குரிய மனிதர் இப்படிச் செய்யச் சொல்லவில்லை. ஆர்னால்ட் கீகல் அமெரிக்காவில் பெண்கள் நல மருத்துவராக இருந்தவர். 1948இல் இந்தப் பயிற்சியைப் பற்றி எழுதினார். பிறப்புறுப்புக்குள் வைக்கும் காற்றுக் குழலும் அதோடு சேர்ந்த அழுத்தமானியும் கொண்ட ஒரு கருவியை அவரே செய்தார். சரியான தசையைச் சுருக்கினால் முள் ஏறும், பெண்கள் அதைக் கண்ணால் பார்த்துக் கற்றுக்கொள்வார்கள். அதாவது ஒருவர் கூட இருந்து, சரியான தசைதான் அசைகிறதா என்று பார்த்துச் சொல்லிக்கொடுக்கும் பயிற்சியாகத்தான் அது தொடங்கியது. வாயால் மட்டும் சொல்லிக்கொடுத்தால் என்ன ஆகும் என்று 1991இல் அமெரிக்காவில் 47 பெண்களிடம் சோதித்துப் பார்த்தார்கள். ஏறக்குறையப் பாதிப் பேர்தான் சரியாகச் செய்தார்கள். நான்கில் ஒருவர் செய்தது கசிவை அதிகப்படுத்தக்கூடிய விதத்தில் இருந்தது. மேலே இழுப்பதற்குப் பதிலாக மூச்சைப் பிடித்துக்கொண்டு கீழே தள்ளினார்கள். எண்ணிக்கையையும் பாருங்கள். பிரிட்டனில் மருத்துவர்கள் பின்பற்றும் நைஸ் வழிகாட்டுதல், கசிவுக்கு ஒரு வேளைக்குக் குறைந்தது 8 சுருக்கம், நாளுக்கு 3 வேளை, பயிற்சி பெற்ற ஒருவரின் கண்காணிப்பில் குறைந்தது 3 மாதம் என்கிறது. ஆக மொத்தம் 24. 300 எங்கே, 24 எங்கே.

அதனால் என் முதல் யோசனை, பெண்கள் நலப் பிஸியோதெரபி தெரிந்த ஒருவரிடம் ஒரு தடவையாவது நேரில் காட்டுங்கள். இயன்முறை மருத்துவர் என்று போர்டு போட்டிருப்பார்கள். எல்லோருக்கும் இதில் பயிற்சி இருக்காது, கழுத்து வலி, முழங்கால் வலி மட்டும் பார்ப்பவர்களே அதிகம். போவதற்கு முன் போன் செய்து, ‘பிரசவத்துக்கு அப்புறம் வரும் சிறுநீர்க் கசிவும் அடித்தளத் தசை வலியும் பார்ப்பீர்களா, உள்பரிசோதனை செய்யப் பயிற்சி உண்டா’ என்று நேராகவே கேளுங்கள். இதைக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. உங்கள் ஊரில் இல்லை என்றால் மதுரையில் விசாரித்துப் பாருங்கள்.

அங்கே என்ன நடக்கும் என்பது தெரியாமல்தான் பல பேர் போகாமலே இருந்துவிடுகிறார்கள். முதலில் பேச்சுதான், அதுவே அரை மணி நேரம் ஆகும். அப்புறம் நீங்கள் நிற்பது, மூச்சு விடுவது, இடுப்பு மூட்டு, முதுகு எல்லாம் பார்ப்பார்கள். அதற்கப்புறம், நீங்கள் சம்மதித்தால் மட்டும், உள்பரிசோதனை. கதவு தாழிட்டிருக்கும், திரை இருக்கும், மேலே போர்வை இருக்கும். கையுறை போட்ட ஒரே ஒரு விரல். பிரசவ வார்டில் செய்வது போலக் கருவி எதுவும் கிடையாது. என்னிடம் வருபவர்களிடம் நான் முதலிலேயே சொல்லிவிடுவேன்: “நீங்க ‘போதும்’னு சொன்ன நொடியில கையை எடுத்துடுவேன்.” சிலர் முதல் தடவை வேண்டாம் என்பார்கள், மூன்றாவது தடவை அவர்களாகவே பார்க்கச் சொல்வார்கள். அம்மாவையோ அக்காவையோ கூட வைத்துக்கொள்ளலாம்.

அந்த ஒரு விரலுக்குத் தெரிவது வழக்கமான ஸ்கேனில் தெரியாது. தசையின் பலத்தை 0 முதல் 5 வரை மதிப்பிடுவோம். இறுகிய தசையும் அந்தக் கணக்கில் குறைவாக வரலாம், சுருங்குவதற்கு இடமே இல்லையே. ‘இப்போது விடுங்கள்’ என்று சொன்ன பிறகும் விடுகிறதா என்று பார்ப்பதுதான் எனக்கு முக்கியம். பக்கவாட்டுச் சுவரில் ஒரு இடத்தை மெல்ல அழுத்தினால், ‘இதேதான், இதே வலிதான்’ என்று கண் கலங்கியவர்கள் உண்டு. சில இடத்தை அழுத்தினால் அடிவயிற்றில் வலிக்கும், சில இடத்தைத் தொட்டால் சிறுநீர் முட்டுவது போல இருக்கும். சிறுநீர்ப்பையில் கோளாறே இல்லாமல் அந்த முட்டல் தசையிலிருந்து வந்திருக்கும். உங்கள் ஸ்கேனும் சிறுநீர்ப் பரிசோதனையும் நார்மலாக இருப்பதற்கும், நீங்கள் சொல்லும் வலி நூற்றுக்கு நூறு உண்மையாக இருப்பதற்கும் முரண்பாடே இல்லை. ‘டென்ஷன்’ என்று அனுப்பிவிட்டார்களே, அதைப் படித்தபோது எனக்கு மனசு கஷ்டமாக இருந்தது.

ஆயுதம் போட்டு எடுத்த பிரசவம் என்பதால் இன்னொன்றையும் பார்க்கச் சொல்வேன். அப்படிப்பட்ட பிரசவத்தில் இந்தத் தசை எலும்பில் ஒட்டும் இடத்திலிருந்து ஒரு பக்கம் பிய்ந்துபோக வாய்ப்பு அதிகம். கர்ப்பப்பையோ சிறுநீர்ப்பையோ கீழே இறங்கியிருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் பிய்ந்திருந்தால் மறுபக்கம் இறுகி வேலை பார்க்கலாம். அது தெரிந்தால் சிகிச்சையின் போக்கே மாறும்.

நேரில் போகும்வரை வீட்டில் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். கேட்டால் இது ஒரு பயிற்சியா என்று தோன்றும்.

உள்பாவாடை நாடாவைத் தளர்த்துங்கள். இதை நான் எல்லோரிடமும் முதலில் சொல்வதுண்டு. இடுப்பைச் சுற்றிப் பள்ளம் விழும் அளவுக்கு நாடாவை இறுக்கிக் கட்டிப் பழகியிருக்கிறோம். சாயந்திரம் பாவாடையை அவிழ்த்தால் அந்தத் தழும்பு கருத்துத் தெரியும். அப்படிக் கட்டினால் மூச்சு வயிற்றுக்கு இறங்காது, நெஞ்சோடு நின்றுவிடும். மூச்சு இறங்காவிட்டால் அடித்தளத் தசையும் இறங்காது. பள்ளிக்கூடத்துக்குப் புடவை கட்டித்தான் போக வேண்டும் என்றால் அகலமான பட்டை வைத்த பாவாடையாக மாற்றிக்கொள்ளுங்கள், முடிச்சுக்குள் இரண்டு விரல் நுழைய வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் நைட்டிக்கு மாறி, தரையில் பாயை விரித்து மல்லாந்து படுங்கள். கெண்டைக்கால் இரண்டையும் கட்டில் மேலோ நாற்காலி மேலோ வையுங்கள். ஒரு கை நெஞ்சில், ஒரு கை தொப்புளுக்குக் கீழே. மூக்கால் மெதுவாக மூச்சை இழுங்கள். கீழே இருக்கும் கை எழும்ப வேண்டும், மேலே இருக்கும் கை அசையாமல் இருக்கட்டும். இழுக்கும்போது, அடியில் ஒரு பூ மெல்ல விரிவது போல, சிறுநீர் கழிக்க ஆரம்பிக்கும் அந்த முதல் நொடியில் தானாக நெகிழுமே, அதைப் போல, விட்டுக்கொடுங்கள். முக்கித் தள்ளக் கூடாது. விடும் மூச்சில் ஒன்றுமே செய்ய வேண்டாம், இறுக்க வேண்டாம், அது தானாக மேலே வரும். ஐந்து நிமிடம், காலையில் ஒரு தடவை, ராத்திரி படுக்கும் முன் ஒரு தடவை. முதல் வாரம் ஒன்றுமே புரியாது. இரண்டாவது வாரத்தில் ஒருநாள் உள்ளே ஏதோ ஒன்று இறங்கி அமர்வது போல இருக்கும். அதைத்தான் தேடுகிறோம்.

அதோடு, மண்டியிட்டுக் குதிகால் மேல் உட்கார்ந்து, முழங்காலை விரித்து, நெற்றி தரையில் படும்படி முன்னால் குனியும் பாலாசனம் ஒரு இரண்டு நிமிடம். வால் எலும்பு வலிக்கு அகலமான பேசினில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றிப் பத்து நிமிடம் உட்காரலாம். தையல் தழும்பைக் கட்டைவிரலால் நீவி விடுவதும் நல்ல பலன் தரும், ஆனால் எங்கே எவ்வளவு அழுத்துவது என்று ஒருவர் காட்டிக்கொடுத்த பிறகு செய்யுங்கள். பகலில் மணி அடிக்கும்போதெல்லாம் ஒரு நொடி கவனியுங்கள்: தாடை இறுகியிருக்கிறதா, வயிறு உள்ளே இழுத்திருக்கிறதா, அடியில் பிடித்திருக்கிறீர்களா. பிடித்திருந்தால் ஒரு மூச்சை விட்டு, அந்தப் பிடியைத் தளர்த்துங்கள். ஒரு நாளைக்கு எட்டு பீரியட் என்றால் எட்டுத் தடவை நினைவுபடுத்த ஆள் வைத்த மாதிரி.

அடுத்து தண்ணீர். கடிதத்தில் நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் கேட்கிறேன். காலையில் ஒரு காபி குடித்துவிட்டுப் போனால் சாயந்திரம்வரை பள்ளியில் தண்ணீரே குடிப்பதில்லை, சரியா? எனக்குத் தெரிந்த ஆசிரியைகள் பெரும்பாலும் அப்படித்தான். பாத்ரூம் சரியில்லை, வகுப்பை விட்டுப் போக முடியாது, கசிந்துவிடுமோ என்ற பயம். தண்ணீர் குறைந்தால் சிறுநீர் அடர்ந்து மஞ்சளாகும், அது சிறுநீர்ப்பையை உறுத்தி முட்டலைக் கூட்டும், மலச்சிக்கலும் வரும். பிறகு நாள் முழுக்க அடக்கி வைத்ததை வீட்டு வாசலுக்கு வந்ததும் அவிழ்த்துவிடலாம் என்று மூளை பழகிவிடுகிறது. பூட்டு, சாவி, கதவு இவற்றைப் பார்த்ததுமே சிறுநீர்ப்பை சுருங்க ஆரம்பித்துவிடும். சாவியைப் போடும்போது உங்களுக்கு வருவது இதுதான். இது ஒரு பழக்கம், பழகியதை மாற்றிப் பழக்க முடியும்.

மூன்று நாள் மட்டும் ஒரு நோட்டுப் போடுங்கள். என்ன குடித்தீர்கள், எத்தனை மணிக்குப் போனீர்கள், எவ்வளவு போனது, எப்போது கசிந்தது. விடுமுறை நாளில் ஒரு பழைய அளவுக் குவளையை பாத்ரூமில் வைத்து அளந்தே பாருங்கள். பெரியவர்களின் சிறுநீர்ப்பை 400 முதல் 500 மில்லிவரை தாங்கும். ஒரு நாளைக்கு ஆறு முதல் எட்டுத் தடவை போவது சாதாரணம். முட்டி முட்டிப் போய் 100 மில்லிகூட வரவில்லை என்றால், பை நிரம்பாமலே கூப்பிடுகிறது என்று அர்த்தம். இந்த நோட்டை உங்களைப் பார்க்கும் பிஸியோதெரபிஸ்டிடம் காட்டினால் பாதி வேலை முடிந்தது.

சாவி விஷயத்துக்கு இப்படிச் செய்து பாருங்கள். வாசலில் முட்டல் வந்ததும் ஓடாதீர்கள். ஓடினால் பதற்றத்தில் அது இன்னும் சுருங்கும். நின்ற இடத்தில் நில்லுங்கள். குதிகாலை ஏற்றி இறக்குங்கள், பத்துப் பதினைந்து தடவை. மூச்சை நீளமாக விடுங்கள். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே வாருங்கள். முட்டல் அலை மாதிரி, ஏறி உச்சிக்குப் போய் இறங்கும். இறங்கிய பிறகு நடந்து போங்கள். முதல் சில நாள் தோற்றுப்போகலாம், பரவாயில்லை. ‘எதற்கும் ஒரு தடவை போய்விட்டு வருவோம்’ என்று முட்டாமலே போகும் பழக்கத்தையும் குறையுங்கள். இப்போது ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை போகிறீர்கள் என்றால் அடுத்த வாரம் ஒன்றேகால் மணி, அதற்கடுத்த வாரம் ஒன்றரை. மெதுவாகத்தான் நீட்ட வேண்டும். காபியும் டீயும் சேர்த்து நாளுக்கு ஒன்றாகக் குறைத்தால் பலருக்கு வித்தியாசம் தெரியும்.

மலச்சிக்கலை அலட்சியப்படுத்த வேண்டாம். முக்குவது இந்தத் தூளியின் மேல் ஏறி நிற்பதற்குச் சமம். இந்தியன் டாய்லெட் இருந்தால் நல்லது, குந்தி உட்காரும்போது வழி நேராகும். வெஸ்டர்ன் என்றால் காலுக்கடியில் ஒரு சின்ன ஸ்டூல் போட்டு முழங்காலை உயர்த்திக்கொள்ளுங்கள். வெளியிடங்களில் அருவருப்பில் பாதி எழுந்த நிலையில் நின்று சிறுநீர் கழிப்போமே, அப்போது இந்தத் தசை விடவே விடாது, சிறுநீரும் முழுக்க வெளியேறாது. துடைத்துவிட்டு உட்காருங்கள், இல்லையென்றால் முழுக்கக் குந்துங்கள்.

இறுக்கம் விட்டு வலி குறைந்த பிறகுதான், பெரும்பாலும் ஆறு, எட்டு வாரத்தில், பலப்படுத்தும் பயிற்சி. அதையும் உங்கள் பிஸியோதெரபிஸ்ட் சொன்ன பிறகு. ஆசனவாயிலிருந்து முன்னோக்கி மேலே தூக்கி, பிடித்து, முழுக்க விட்டு. பிடித்த நேரத்தைவிட விடும் நேரம் அதிகம். சிறுநீர் போகும்போது பாதியில் நிறுத்திப் பழகச் சொல்லும் வீடியோக்கள் நிறைய உண்டு, அப்படிச் செய்யாதீர்கள். எந்தத் தசை என்று தெரிந்துகொள்ள ஒரு தடவை செய்து பார்ப்பதோடு சரி. அந்தக் கட்டத்தில் உங்களுக்கு ரொம்பப் பிடிக்கப்போவது ஒரு எளிய வித்தை. தும்மலோ இருமலோ வரப்போகிறது என்று தெரிந்ததும், வருவதற்கு முந்தின நொடியில் ஒரு தடவை தூக்கிப் பிடிப்பது, தும்மியதும் விட்டுவிடுவது. 1998இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், லேசான கசிவு உள்ள பெண்களுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தபோது ஒரே வாரத்தில் இருமும்போது கசிவது குறைந்தது. தசை பலமாகியிருக்க ஒரு வாரம் போதாது, நேரம் பார்த்துப் பிடித்ததுதான் வேலை செய்தது.

கணவரிடம் சொல்லுங்கள். ஐந்து மாதமாகத் தலைவலி, களைப்பு என்று சொல்லிக்கொண்டிருந்தால், நம்மைப் பிடிக்கவில்லையோ என்று அவர் வேறு எங்கோ போய் யோசித்துக்கொண்டிருப்பார். ‘எனக்கு அங்கே தசை இறுகியிருக்கு, அதனால வலிக்குது, சிகிச்சை இருக்கு, கொஞ்ச மாசம் ஆகும்’ என்று இவ்வளவு போதும். இந்தக் கடிதத்தையே காட்டினாலும் சரி. வலியைப் பொறுத்துக்கொண்டு சேர வேண்டாம். ஒவ்வொரு தடவை வலிக்கும்போதும் உடம்பு அடுத்த தடவைக்கு முன்கூட்டியே இறுகிக்கொள்ளும். அணைத்துப் படுப்பதற்கும் தொட்டுப் பேசுவதற்கும் தடை இல்லை. பின்னால் மெல்லத் திரும்பும்போது தண்ணீரில் கரையும் ஜெல் பயன்படுத்துங்கள். ஆணுறை உபயோகிப்பவர்கள் தேங்காய் எண்ணெய் தடவக் கூடாது, எண்ணெய் பட்டால் ரப்பர் பலமிழந்து கிழியும்.

ஆபரேஷன் கேட்டிருந்தீர்கள். இப்போது அதைப் பற்றி நினைக்க வேண்டாம். தும்மல் கசிவுக்கு அறுவை சிகிச்சை உண்டு, முட்டலுக்கு மாத்திரைகள் உண்டு, சிலருக்கு அவை அவசியம்தான். ஆனால் பயிற்சியை முழுதாகப் பார்த்துவிட்டு அடுத்த கட்டமாக வர வேண்டியவை அவை. தசை வலியோடு இறுகியிருக்கும்போது அறுவைக்கு அவசரப்பட்டால் வலி அப்படியே மிஞ்சலாம், கூடவும் செய்யலாம். மூன்று, நான்கு மாதச் சிகிச்சைக்குப் பிறகும் கசிவு தொல்லை தந்தால் சிறுநீர், மகப்பேறு இரண்டும் தெரிந்த நிபுணரைப் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. சிறுநீரில் ரத்தம், குளிர்க் காய்ச்சலோடு எரிச்சல், உறவுக்குப் பின்னோ மாதவிடாய்க்கு இடையிலோ ரத்தப்போக்கு, காரணமில்லாமல் எடை குறைவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் டாக்டரிடம் போங்கள். தொடை இடுக்கும் உட்காரும் இடமும் மரத்துப்போனாலோ, திடீரென்று சிறுநீரே வராமல் நின்றுபோனாலோ, காலில் பலம் குறைந்தாலோ அன்றே, அந்த மணி நேரமே மருத்துவமனைக்குப் போக வேண்டும், அது முதுகுத்தண்டின் அவசர நிலை.

உங்கள் மாமியார் சொன்னதைப் பற்றி. சகஜம் என்றால் நிறையப் பேருக்கு இருக்கிறது என்று அர்த்தம், அந்தவரை அவர் சொன்னது சரி. என் அம்மாவுக்கும் இருந்தது. தும்மல் வந்தால் செய்கிற வேலையை விட்டுவிட்டு, அம்மிக்கல் மேடையைப் பிடித்துக்கொண்டு, இரண்டு காலையும் பின்னி நிற்பார். கிழிந்த வேட்டியை மடித்து வைத்துக்கொள்வதும், அதைத் துவைத்துக் கொல்லையில் மற்ற துணிகளுக்கு அடியில் காயப்போடுவதும் எனக்குப் பத்து வயதிலேயே தெரியும். என்ன என்று கேட்டதில்லை. நான் இந்தப் படிப்பு முடித்து நான்கு வருடம் கழித்துத்தான் அம்மா என்னிடம் சொன்னார், அதுவும் விளக்கை அணைத்த பிறகு. அதற்குள் கல்யாண வீடுகளுக்குப் போவதையே விட்டிருந்தார். உங்கள் மாமியாரும் இதே சகஜத்தைச் சுமந்துகொண்டு இருக்கலாம். அவர் வயதிலும் இது குறையும், அவரையும் அழைத்துப் போங்கள். பிரான்ஸில் பிரசவமான பெண்களுக்கு இந்தத் தசைப் பயிற்சி அரசுக் காப்பீட்டுச் செலவிலேயே கிடைக்கிறது. இங்கே ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது குழந்தையின் தடுப்பூசித் தேதிகளை எழுதிக் கொடுப்பது போல, அம்மாவின் தசையைப் பார்க்க ஆறாவது வாரத்தில் வா என்று ஒரு வரி எழுதினால்கூடப் போதும் என்று எனக்குப் பல நாளாக ஆசை.

கொடைக்கானலுக்குப் போய் வாருங்கள். ஜனவரிக்குள் முழுக்கச் சரியாகிவிடும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன், ஆனால் பயம் இந்த அளவுக்கு இருக்காது. முதல் நாளே தண்ணீரைக் குறைத்துவிடாதீர்கள். காலையில் காபிக்குப் பதிலாக வெந்நீர் குடியுங்கள். சாதாரண நாப்கின் வேண்டாம், சிறுநீருக்கென்றே மருந்துக் கடைகளில் பேட் கிடைக்கிறது, அதை வைத்துக்கொண்டு மாற்று ஒன்றும் பையில் போடுங்கள். பஸ்ஸில் முன்பக்கச் சீட் கேட்டு வாங்குங்கள், பின் சீட்டின் குலுக்கல் வால் எலும்புக்கு ஆகாது. பக்கத்துச் சீட்டில் உங்களுக்கு நெருக்கமான டீச்சர் ஒருவர் இருந்தால் அவரிடம் மட்டும் சொல்லிவையுங்கள். மலை ஏறும் முன் வத்தலக்குண்டில் எப்படியும் நிறுத்துவார்கள். பிள்ளைகளை இறக்கி எண்ணிவிட்டு, அவசரப்படாமல், நீங்களும் போய்விட்டு வந்து ஏறுங்கள்.